இரண்டு குப்பைமேடுகள்: ஆக்சிரிங்கஸும் சாத்தல்ஹூயுக்கும்

எகிப்தின் ஆக்சிரிங்கஸையும் துருக்கியின் சாத்தல்ஹூயுக்கையும் ஒரே தட்டில் வைக்க எளிதில் யாருக்கும் தோன்றாது. முன்னது கிரேக்க, ரோமானிய ஆட்சிகளில் தழைத்த, பாப்பிரஸ் தாளில் எழுதும் பழக்கம் முற்றிய நகரம். பின்னது எழுத்து பிறப்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே ஆள் நீங்கிய புதிய கற்காலக் குடியிருப்பு. ஆனால் இரண்டையும் இன்று நாம் அறிவது பெருமளவு அவற்றின் குப்பையால்தான்.

அதற்கான காரணம் இரண்டிலும் நேரெதிர் என்பதுதான் வியப்பு. ஆக்சிரிங்கஸில் வீடுகள் இல்லை. கல்லையும் செங்கல்லையும் பின்வந்தவர்கள் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், குப்பையைச் சீண்ட ஆளில்லை. சாத்தல்ஹூயுக்கில் வீடுகள் இருக்கின்றன. ஆனால் தரையைச் சாந்து பூசிப் பூசி, பெருக்கிப் பெருக்கி வைத்த மக்கள் அவர்கள். வீட்டைக் கைவிடும்போதுகூடச் சுத்தம் செய்துவிட்டே போனார்கள். அங்கே நகரம் அழிந்ததால் குப்பை பேசுகிறது. இங்கே வீடு மிகச் சுத்தமாக இருந்ததால் குப்பை பேசுகிறது.

தோண்டிய விதத்தைப் பார்த்தால் இடைவெளி பெரிது. ஆக்சிரிங்கஸில் பெர்னார்ட் கிரென்ஃபெல்லும் ஆர்தர் ஹன்ட்டும் 1897 ஜனவரியில் மேடுகளைக் கீறத் தொடங்கினார்கள். 1907 வரை மொத்தம் ஆறு பருவங்கள். உள்ளூர் ஆட்கள் மண்ணை வெட்டினார்கள், பாப்பிரஸ் துண்டுகள் கூடைகளில் சேர்ந்தன. 1897 மார்ச்சில் ஒரே நாளில் 36 கூடைகள் நிரம்பின. துண்டுகளை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அரசிதழ்த் தாள்களில் மடித்துத் தகரப் பெட்டிகளில் அடைத்து அனுப்பினார்கள். எந்தத் துண்டு எந்த அடுக்கில், எதன் மேல் கிடந்தது என்பதற்கு இன்றைய பொருளில் பதிவு இல்லை.

சாத்தல்ஹூயுக்கிலும் முதல் கட்டம் வேகமானதே. 1961 முதல் 1965 வரை ஜேம்ஸ் மெல்லார்ட் வீடு வீடாகத் திறந்துகொண்டு போனார். வீடுகளுக்கிடையே கிடந்த குப்பை வெளிகளை முற்றங்கள் என்றே கருதினார். நிலைமை மாறியது 1993இல் இயன் ஹாடர் குழு வந்த பிறகு. பிரித்தறியக்கூடிய ஒவ்வொரு படிவுக்கும் தனி எண், தனிப் பதிவுத் தாள். மண்ணின் நிறம் மன்செல் அட்டையோடு ஒப்பிட்டுக் குறிக்கப்படும். இது எதன் மேல், எதன் கீழ், எதை வெட்டிச் செல்கிறது என்று எழுதப்படும். அந்த உறவுகள் அனைத்தும் ஹாரிஸ் வரைபடத்தில் கோக்கப்படும். மண் சல்லடைக்குப் போகும். ஒரு பங்கு தண்ணீரில் கரைக்கப்பட்டு, மிதந்துவரும் கரித்துகளும் கருகிய விதையும் வடித்தெடுக்கப்படும். அங்கே கூடையில் விழுந்தது கண்டெடுத்த பொருள் மட்டும்; இங்கே வாளியில் மண்ணே கண்டெடுத்த பொருள்.

இதைப் படித்ததும் கிரென்ஃபெல்லைக் கடிந்துகொள்வது எளிது. நானும் அந்தக் கட்சியில்தான் இருப்பேன், அவருடைய பருவ அறிக்கைகளின் செய்தி குறுக்கே வராவிட்டால். எல்லா மண்ணும் பாப்பிரஸ் தராது என்பதை அவர் முதல் பருவத்திலேயே கண்டுகொண்டார். சுள்ளியும் வைக்கோல் தூளும் கலந்த ஒருவகை மண்ணடுக்கு உண்டு. வேலையாட்கள் அதை அஃப்ஷ் என்பார்கள். அது தென்பட்டால் பாப்பிரஸ் வரும். இறுகிய மண்ணிலோ சாம்பலிலோ வராது. எந்த மேடு எந்தக் காலத்தது என்பதையும் பிரித்திருந்தார்: வெளி விளிம்பில் ரோமானியக் காலம், இன்றைய கிராமத்தை ஒட்டி இஸ்லாமியக் காலம், நடுவில் பைசாந்தியம். மண்ணைப் பதிவு செய்யாதவர் மண்ணைப் படிக்கத் தெரியாதவர் அல்லர். சாத்தல்ஹூயுக்கில் கரணையின் முனையில் நிறமாற்றத்தைத் தேடும் அகழாய்வாளருக்கும் அவருக்கும் உள்ள உறவு, நாம் நினைப்பதைவிட நெருங்கியது.

சாம்பலைப் பொறுத்தவரை இரண்டு மேடுகளும் பகையாளிகள். ஆக்சிரிங்கஸின் பாதுகாவலன் வறட்சி. ஈரம் ஏறிய அடியடுக்கில் சுருள்கள் மக்கிப்போயின, சாம்பல் மேடு என்றால் ஆட்களை வேறிடம் மாற்ற வேண்டியதுதான். சாத்தல்ஹூயுக்கிலோ நெருப்புதான் பாதுகாவலன். அங்கே குப்பையின் பெரும்பகுதி அடுப்புச் சாம்பல். அதில் எரித்த சாணத்தின் சாம்பலும் உண்டு. கருகியதால் விதை நின்றது, எரிந்த நாணலின் நுண்சிலிக்கா எலும்புக்கூடு அடுக்கடுக்காகத் தங்கியது. கிரென்ஃபெல் வெறுத்து ஒதுக்கியிருக்கக்கூடிய மண்ணைத்தான் சாத்தல்ஹூயுக்கின் ஆய்வாளர்களான வெண்டி மேத்யூஸும் லிசா-மேரி ஷிலிட்டோவும் ஆய்வுக்கு எடுத்தார்கள்.

அவர்கள் எடுத்த விதத்தைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். குழியின் சுவரிலிருந்து ஒரு மண்கட்டியை உதிராமல் செதுக்கி, சுற்றிக் கட்டி, ஆய்வகத்தில் பிசின் ஊறவைத்து இறுக்குகிறார்கள். பிறகு கண்ணாடியில் ஒட்டி, மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு தடிமனுக்குத் தேய்க்கிறார்கள். வெறுங்கண்ணுக்கு ஒரே சாம்பல்நிறப் பட்டையாகத் தெரிந்தது நுண்ணோக்கியில் பிரிகிறது: ஒருமுறை கொட்டிய சாம்பல், அதன்மேல் எலும்புச் சில்லு, அதன்மேல் மலம், மறுபடி சாம்பல். பித்த அமிலங்களைச் சோதித்து அது மனித மலம் என்கிறார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வு அங்கிருந்த மலத்தில் சாட்டைப்புழு முட்டைகளைக் காட்டியது. ஆக்சிரிங்கஸ் துண்டும் ஈரம் காட்டி நீவப்பட்டு, இரு கண்ணாடிகளுக்கிடையேதான் போய்ச் சேர்கிறது. ஒன்றில் வரி ரசீது, மற்றதில் புழுமுட்டை. இரண்டையும் ஒளிக்குக் கீழே வைத்து எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

காலக்கணக்கில் இந்தச் சமச்சீர் இன்னும் கூர்மையாகிறது. பாப்பிரஸ் பத்திரம் பெரும்பாலும் தன் தேதியைத் தானே சொல்லும்: இன்ன பேரரசரின் இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன நாள். ஆனால் அது எழுதிய நாள்; எறிந்த நாள் அன்று. பெட்டியில் எத்தனை தலைமுறை இருந்து குப்பைக்கு வந்தது என்பதை அடுக்குதான் சொல்லியிருக்க முடியும். சாத்தல்ஹூயுக்கில் எது முந்தி எறியப்பட்டது, எது பிந்தி என்பது ஐயமின்றித் தெரியும். நாள்காட்டியில் அதை எங்கே பொருத்துவது என்பதற்கு ரேடியோகார்பனும் புள்ளியியலும் வேண்டும்.

பதிவில்லாமையின் விலையை ஆக்சிரிங்கஸ் இன்றும் கொடுக்கிறது. ஏறக்குறைய ஐந்து லட்சம் துண்டுகள். 1898இல் தொடங்கிய வெளியீட்டு வரிசை எண்பது தொகுதிகளைத் தாண்டியும் முடியவில்லை. ஒரே சுருளின் பகுதிகள் வெவ்வேறு பெட்டிகளில் கிடக்க, கையெழுத்தைக் கொண்டு ஒட்டுகிறார்கள். கிடைத்ததோ அளப்பரியது: சாஃபோவின் வரிகள், சோஃபக்ளீஸின் தொலைந்த நாடகம் ஒன்றின் கணிசமான பகுதி. 413ஆம் எண் பாப்பிரஸில் இந்தியக் கடற்கரையில் நடக்கும் நகைநாடகம்கூட உண்டு. அதில் அயல்நாட்டு அரசன் பேசும் பிதற்றல் கன்னடமா, துளுவா, வெறும் ஒலிக்கூத்தா என்ற வழக்கு தீரவில்லை.

முறைகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது. கிரென்ஃபெல் முறையில் சாத்தல்ஹூயுக்கின் குப்பையைத் தோண்டியிருந்தால் கூடையில் உடைந்த களிமண் உருவங்களும் எலும்பும் மிஞ்சியிருக்கும். சாணச் சாம்பலின் கதை முழுவதும் மண்கொட்டுமிடத்துக்குப் போயிருக்கும். ஹாடர் முறையில் ஆக்சிரிங்கஸைத் தோண்டியிருந்தால் முதல் மேடே முடிந்திருக்காது. அந்த மண் நல்ல உரம்; செபாக் என்று அதை வயலுக்கு அள்ளும் வழக்கம் எகிப்து முழுவதும் இருந்தது. பாசனத்தின் ஈரமும் ஏறிக்கொண்டிருந்தது. பதிவுத் தாளை நிரப்பி முடிப்பதற்குள் சோஃபக்ளீஸ் ஏதோ ஒரு வயலில் எருவாகியிருப்பார்.