வாசல் தொட்டியும் கை வாளியும்: திருச்சபைத் தீர்த்தக் கலங்கள்

ரிஷிவந்தியம் அர்த்தநாரீசுவரர் தேனபிஷேகத்துக்குப் பேர்போனவர். அங்கே அபிஷேகம் செய்வதும் திருநீறு தருவதும் அர்ச்சகரே. அதே கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் மாதா கோயில்களில் முறை வேறு. உள்ளே நுழைகிறவர் வாசல் தொட்டியில் தாமே விரல் நனைத்துச் சிலுவை வரைந்துகொள்கிறார்; இடையில் குருவானவர் இல்லை. இந்த வேறுபாட்டைக் கொண்டே தீர்த்தக் கலத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கலங்கள் இரண்டு வகை. ஒன்று வாசலில் நிலையாக நிற்கும் கல்தொட்டி. மற்றொன்று குருவானவர் தெளித்துக்கொண்டே வரும் கைவாளி. இலத்தீனில் இதற்கு அஸ்பெர்சோரியம் என்று பெயர். கலை வரலாற்றாசிரியர்கள் சிட்டுலா என்பார்கள்.

தொட்டியின் மூதாதை முற்றத்து நீரூற்று. நான்காம் நூற்றாண்டில் தீர் நகரத்தில் எழுந்த பேராலயத்தின் முன்முற்றத்தில், உள்ளே போகிறவர்கள் கழுவிக்கொள்ள ஊற்றுகள் இருந்ததை யூசேபியஸ் எழுதியிருக்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் ரேம்ஸ் பேராயர் ஹிங்மார், ஞாயிறுதோறும் பூசைக்கு முன் தண்ணீரை மந்திரித்து மக்கள்மேல் தெளிக்கச் சொன்னார். விரும்பியவர்கள் வீட்டுக்கும் வயலுக்கும் கால்நடைக்கும் எடுத்துப் போகலாம் என்றார். கைவாளி செழித்தது இந்த வழக்கத்தால்தான். மிலான் பேராயர் கோட்டொஃப்ரெடோ பத்தாம் நூற்றாண்டில் செய்வித்த தந்த வாளி, அந்நகரப் பேராலயக் கருவூலத்தில் இன்றும் இருக்கிறது.

வாசல் தொட்டிக்கு இலக்கணம் வகுத்தவர் அதே மிலானின் பேராயர் சார்லஸ் பொரோமியோ. 1577இல் வந்த அவருடைய நூல், தொட்டி பளிங்காலோ விரிசலற்ற கெட்டிக் கல்லாலோ ஆனதாய், தூண்மேல், கோயிலுக்கு உள்ளேயே, இயன்றால் நுழைகிறவரின் வலப்பக்கம் நிற்க வேண்டும் என்கிறது.

இனித் தமிழகம்: 1606இல் இயேசு சபைக் குரு நொபிலி மதுரைக்கு வந்தார். ரிஷிவந்தியத்துக்குத் தெற்கே கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். தீர்த்தம், மந்திரித்தல் என்ற சொற்கள் கத்தோலிக்கர் வாயிலும் இயல்பாகப் புழங்கின. சொல்லை ஏற்ற திருச்சபை, சடங்குகளை எளிதில் ஏற்கவில்லை. 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் இட்ட ஆணை, பிராமண முறையிலான சடங்குக் குளியலையும் சாம்பல் பூசுவதையும் தடுத்தது. இச்சடங்குகளைப் பற்றிய தகராறு 1744இல்தான் ரோமில் முடிவுக்கு வந்தது.

ஆனால் தண்ணீரைவிடப் பெரிய சிக்கல், வாசலை யார் யாரோடு பகிர்ந்துகொள்வது என்பது. புதுச்சேரிச் சம்பா கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து நின்ற சுவர் 1745இல் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சொல்கிறது. பொரோமியோவின் நூல் ஆண்கள் நுழையும் வாசலுக்கு ஒரு தொட்டியும் பெண்கள் வாசலுக்கு ஒன்றும் கேட்டது; சாதிக்கு ஒன்று கேட்கவில்லை. இங்கே பிரிவினை சாதியின் பேரால் பலமுறை வந்தது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து எறையூரில், தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின.

ஆகவே தொட்டியை வெறும் கலைப்பொருளாக அளந்தால் போதாது. அது எந்த வாசலில் நிற்கிறது, அந்த வாசலால் யார் வந்தார்கள், கோயிலுக்கு வாசல்கள் எத்தனை என்று சேர்த்தே பதிய வேண்டும். பழைய கோயில்களைப் புதுப்பிக்கும் பங்குகள், கல்லை இடம் மாற்றும் முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.