யூரா நாட்டு மஞ்சள் மது

இறக்கிய கள்ளை மூடாது வைத்தால் அது புளித்துக் காடியாகிவிடும் என்பது இலங்கையில் யாவரும் அறிந்ததே. முந்திரிகை மதுவுக்கும் விதி அதுவே. ஆதலின் ஐரோப்பாவில் மது வடிப்போர் பீப்பாவினுள் காற்றுக்கு இடங்கொடார்; மது ஆவியாகிக் குறையுந்தோறும் வேறு மது வார்த்து விளிம்புவரை நிரப்புவர். பிரான்சின் கிழக்கெல்லையில், சுவிற்சர்லாந்தை அடுத்த யூரா மலைச்சாரலிலோ இதற்கு நேர்மாறான வழக்கம் நெடுங்காலமாக நிலவுகின்றது. அங்கே பீப்பாவை நிரப்பாது, ஆறாண்டுக்கு மேலாக அப்படியே விட்டுவைக்கின்றனர். இத்துணிவு அம்மக்களுக்கு எவ்வாறு வந்தது?

சவஞ்ஞேன் என்னும் வெண்முந்திரிகையைக் காலந்தாழ்த்திக் கொய்து, பிழிந்து, நொதிக்கவிட்டுப் பழைய ஓக்குமரப் பீப்பாக்களில் அடைக்கின்றனர். பீப்பா ஒன்று 228 இலீற்றர் அளவினது. மது குறைந்து மேலே வெற்றிடம் உண்டானதும், காய்ச்சிய பாலில் ஆடை படர்வதுபோல, அதன் முகத்தில் மெல்லிய வெண்படலம் ஒன்று படர்கின்றது. அது கோடிக்கணக்கான மதுவங்களின் கூட்டம். சர்க்கரை தீர்ந்தபின் அவை மேலே மிதந்து, காற்றின் ஒட்சிசனையும் மதுவின் அற்ககோலையும் கொண்டே உயிர் வாழ்கின்றன. காற்று கீழே சென்று மதுவைக் கெடுக்காது காக்கும் கவசமும் அவையே. மதுவுக்கு வாதுமைக்கொட்டை வாசனையும், அதனோடு வெந்தய வாசனையும் இந்நெடுங்காலத்திலேயே சேருகின்றன. சொற்றொலோன் என்னும் ஒரே பொருள் வெந்தயத்திலும் இம்மதுவிலும் இருப்பதே அதற்குக் காரணம். அம்மதுவை ஒருநாளும் சுவைத்தறியாத நம் இல்லத்தரசியரும் அதன் வாசனையிற் பாதியை அடுக்களையில் அறிந்தவராவர்! இசுப்பானியாவின் செரேசு நகரத்து மதுவிலும் இத்தகைய ஆடை உண்டு. ஆயின் அங்கே சாராயம் சேர்த்து வலுவூட்டுவதே நெடுநாள் வழக்கம். யூராவில் ஒரு துளியும் சேர்ப்பதில்லை.

சாத்தோ சாலோன் என்னும் குன்றூரில் முற்காலத்தில் உயர்குடிப் பெண்களின் கன்னிமடம் ஒன்று இருந்தது. அம்மடத்தார் அங்கேரியிலிருந்து இக்கொடியைத் தருவித்தனர் என்பது செவிவழிக் கதை. கதை இனியதே. எனினும் சவஞ்ஞேனும், ஜேர்மன் மொழி வழங்கும் நாடுகளில் திராமினர் எனப்படும் கொடியும் ஓரினமே என்பதுதான் மரபணு ஆராய்ச்சி கண்ட முடிபு.

இம்மதுவின் வரலாற்றிற் பேரறிஞர் ஒருவரின் பெயரும் கலந்துள்ளது. 1822ஆம் ஆண்டில் யூராவின் தோல் நகரிற் பிறந்து, ஆர்புவா என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் லூயி பாஸ்ச்சர். பிரெஞ்சு மதுவைப் பீடித்த நோய்களை ஆராயுமாறு 1863இல் மூன்றாம் நெப்போலியன் அவரை வேண்டினார். பாஸ்ச்சர் தம் ஊருக்கே திரும்பி, எளிய ஆய்வுகூடம் ஒன்றை அமைத்து, அயலவரின் மதுவை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் படலங்கள் இரண்டு உள என்பதை அவர் கண்டார். ஒன்று மதுவின் பூ; மற்றொன்று காடியின் பூ. முன்னது யூரா மதுவுக்குக் கேடு செய்யாது. பின்னதே மதுவைக் காடியாக்குவது. இவ்வாராய்ச்சி 1866இல் நூலாக வெளிவந்தது. குடியானவர் பழக்கத்தால் அறிந்திருந்ததற்கு அறிவியற் காரணம் கிடைத்தது. ஆனால் எந்தப் பீப்பாவில் எது படரும் என்று முன்கூட்டிச் சொல்ல அந்நாளில் எவராலும் இயலவில்லை. ஆறாண்டு காத்தவனுக்கு இறுதியிற் கிடைப்பது காடியாகவும் இருக்கலாம்.

1878இல் அவர் மீண்டும் ஆர்புவாவுக்கு வந்தார். நொதித்தலுக்கு நுண்ணங்கி வேண்டியதில்லை என்னும் கருத்துப்பட, காலஞ்சென்ற குளோட் பேணார் எழுதி வைத்திருந்த குறிப்புகள் அவ்வாண்டில் அச்சேறியிருந்தன. பாஸ்ச்சர் தம் தோட்டத்துக் கொடிகள் சிலவற்றின்மீது கண்ணாடிக் கூடாரம் எழுப்பிக் குலைகளைப் பஞ்சினாற் பொதிந்தார். அக்குலைகளின் சாறு நொதிக்கவில்லை. வெளியே விளைந்தவற்றின் சாறு நொதித்தது. வாதம் முடிந்தது.

பின்னர் வந்த அழிவோ பெரிது. பைலொட்சரா என்னும் வேர்ப்பேன் கொடிகளை உண்டழித்தது. முதலாம் உலகப்போர் உழைப்பாளரைக் கொண்டுபோயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுமார் 20,000 ஹெக்டேயராக இருந்த யூராவின் முந்திரிகை நிலம் இன்று சுமார் 2,000 ஹெக்டேயரே. இந்நிலையில், ஆறாண்டுக்குப் பின்னரே பணமாகும் பொருளைக் கைவிடாது காத்தவர்களின் மனவுறுதி சாமானியமானதன்று. 1936 மே மாதத்தில் ஆர்புவாவின் பெயரும், அதனையடுத்துச் சாத்தோ சாலோனின் பெயரும் சட்டப் பாதுகாப்புப் பெற்றன.

அறுவடைக்குப் பின் ஆறாம் ஆண்டு திசெம்பர் 15 வரை இம்மது பீப்பாவில் இருத்தல் வேண்டும். அதில் 60 மாதங்களேனும் ஆடையின்கீழ் இருத்தல் வேண்டும் என்பது விதி. அதன் குள்ளப் போத்தல் 62 சென்ரிலீற்றர் கொள்வது. ஒரு இலீற்றர் மதுவில் ஆவியானது போக எஞ்சுவது அவ்வளவே என்பர். 1774ஆம் ஆண்டு அறுவடையில் உருவான போத்தல் ஒன்று 2018இல் 103,700 யூரோவுக்கு ஏலம் போயிற்று.

சாத்தோ சாலோனில் ஆண்டுதோறும் அறுவடைக்கு முன்னர் குழுவொன்று தோட்டங்களைச் சுற்றிப் பார்வையிடும். பழம் தகுதியற்றதாயின் ஊரார் அவ்வாண்டுக்குத் தம் பெயரையே துறந்துவிடுவர். 1974, 1980, 1984, 2001 ஆகிய நான்கு ஆண்டுகளில் அவ்வாறே செய்தனர். அவ்வாண்டுகள் பொறித்த சாத்தோ சாலோன் போத்தல் எந்த நிலவறையிலும் இல்லை.