யு, யு/ஏ, ஏ: ஒரு அப்பாவின் தலைவலி

புனேவுக்கு மூட்டை கட்டி வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. இங்கே மகளோடு நாங்கள் தமிழ் பேசிச் சிரிப்பது பெரும்பாலும் ஒரு தமிழ்ப்படம் பார்க்கும்போதுதான். அதனால் "யு சர்டிபிகேட், தாராளமா போலாம்" என்று தங்கமணி சொன்னால் எனக்குள் ஒரு கேள்வி எழும். இந்த எழுத்தை யார், எதற்காகப் போட்டார்கள்?

கொஞ்சம் பின்னாடி போவோம். 1918 சட்டத்தின்படி 1920-இல் பம்பாய், கல்கத்தா, மதராஸ், ரங்கூனில் தணிக்கை வாரியங்கள் வந்தன. வாரியம் போலீஸ் கமிஷனரின் கையில். வெள்ளைக்காரனின் கவலை ஆட்சியைப் பற்றி. குழந்தைகளுக்கென்று தனி எழுத்து எதுவும் கிடையாது. யு, ஏ என்ற பிரிவினை வந்ததே 1949 திருத்தத்தில்தான். அதையே 1952 சட்டமும் எடுத்துக்கொண்டது. ஒன்று எல்லாருக்கும், இல்லையென்றால் பெரியவர்களுக்கு. நடுவில் ஒன்றும் இல்லை!

இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவர் கே.ஏ. அப்பாஸ். நான்கு நகரங்களைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படத்தில் பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதி வந்ததால் யு தர மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முன்தணிக்கை செல்லும் என்று 1970-இல் தீர்ப்பு. ஆனால் வழக்கு நடக்கும்போதே அந்தப் படத்துக்கு வெட்டில்லாமல் யு தர அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. படம் அதேதான், எழுத்து மட்டும் மாறியது.

1983-இல்தான் யு/ஏ வந்தது. 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று பொறுப்பை நம் தலையில் கட்டினார்கள். நியாயமாகத்தான் பட்டது.

அப்புறம் நம்ம ஊர்க் கூத்து. தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமானால் தமிழ்த் தலைப்போடு யு சான்றிதழும் வேண்டும் என்று 2011-இல் விதி வந்தது. 2017-இல் ஜிஎஸ்டி வரும்வரை அந்த எழுத்துக்குள் ஒரு பணக்கணக்கும் ஒளிந்திருந்தது. ரத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, வசனத்தில் 'பீப்' போட்டு யு வாங்கினால் லாபம். பெண்ணைத் துரத்தித் துரத்திக் காதலிப்பதும், குண்டாக இருப்பவரைக் கிண்டலடிப்பதும் அந்தக் கத்தரியில் சிக்குவது அபூர்வம். என் மகள் சத்தமாகச் சிரிப்பது அங்கேதான். எனக்கு உறுத்துவதும் அங்கேதான்.

2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் இதுவும் பெற்றோருக்கான குறிப்புதான். ஏ படத்துக்குத்தான் சட்டப்படி வாசலிலேயே தடை.

சரி, வீட்டில் என்ன செய்கிறேன்? எழுத்தைப் பார்ப்பேன், ஆனால் அதோடு விட்டுவிட மாட்டேன். 2015-இல் வெளியான 'காக்கா முட்டை'யை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். சென்னைக் குப்பத்துப் பையன்கள் இரண்டு பேர் ஒரு பீட்சாவுக்கு ஆசைப்படும் கதை. "காசு கொண்டு வந்தும் ஏம்ப்பா உள்ள விடல?" என்று கேட்டாள். அரைமணி நேரம் பேசினோம். மராத்தியும் ஆங்கிலமும் கலக்காமல், முழுக்கத் தமிழில்.

வன்முறையை வாரியம் வெட்டட்டும். கேலியையும் துரத்தலையும் பற்றிப் பேச வேண்டியது நாம்தான். அதற்குப் பிள்ளையோடு பக்கத்து நாற்காலியில், கைப்பேசியை நோண்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் :-)

உங்கள் வீட்டில் எப்படி?