பயிற்சிச் சரிவு நாற்காலி லிஃப்ட்

பனிச்சறுக்கு மையங்களில், புதிதாகக் கற்பவர்களை மென்சரிவின் உச்சிக்கு ஏற்றிச்செல்லும் குறுகிய வடப்பாதை. பல மையங்கள் வேறு மையம் கழித்த பழைய லிஃப்டை வாங்கி இதற்குப் பயன்படுத்துகின்றன.

வரலாறு: உலகின் முதல் நாற்காலி லிஃப்ட்கள் 1936இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள சன் வேலியில் நிறுவப்பட்டன. அம்மையத்தை உருவாக்கிய யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் கரன், வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் கொக்கி வடத்தைப் பார்த்து இதை வடிவமைத்தார். கொக்கிகளின் இடத்தில் நாற்காலிகள் வந்தன. சன் வேலியின் தொடக்ககால ஒற்றை இருக்கை லிஃப்ட் ஒன்றை எவரெட் கிர்ச்சர் வாங்கி, 1940களின் இறுதியில் மிச்சிகனில் தாம் தொடங்கிய பாய்ன் மவுண்டன் பனிச்சறுக்கு மையத்தில் நிறுவினார். பின்னர் அது இரட்டை இருக்கையாக மாற்றப்பட்டது.

அமைப்பு: இவை பெரும்பாலும் நிலைப்பிடி வகை. நாற்காலி வடத்தோடு இறுக்கிப் பொருத்தப்பட்டிருப்பதால், ஏறுமிடத்திலும் வேகம் குறையாது. எனவே கற்பவர்களுக்காக முழு லிஃப்டையே மெதுவாக ஓட்டுகிறார்கள். யாரேனும் தடுமாறினால் நிறுத்துகிறார்கள். தூரம் குறைவு என்பதால் இந்த மெதுவோட்டம் பயணநேரத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை.

இடமாற்றம்: நாற்காலிகள், கோபுரங்கள், சக்கரத் தொகுதிகள், இயக்கப் பொறி ஆகியவற்றைக் கழற்றிக் கொண்டுசெல்லலாம். கான்கிரீட் அடித்தளத்தைப் புதிதாகவே போட வேண்டும். கோபுர உயரமும் இடைவெளியும் புதிய சரிவுக்கேற்பக் கணக்கிடப்படும். பிடிகளில் விரிசல் உண்டா என்று சோதித்து, சுமையேற்றி ஓட்டிப் பார்த்த பிறகே பயணிகளை ஏற்றுவார்கள்.