ஃபோர்டு தண்டர்போல்ட் (1964): சிறிய காரில் பெரிய எஞ்சின்

ஃபோர்டு தண்டர்போல்ட் என்பது 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் டிராக் பந்தயத்துக்கென்றே உருவாக்கிய கார் ஆகும். நடுத்தர அளவுள்ள ஃபேர்லேன் காரின் உடலுக்குள், பெரிய கார்களுக்காக வடிவமைக்கப்பட்ட 427 கன அங்குல வி8 எஞ்சினை இறக்கி இது செய்யப்பட்டது. ஏறத்தாழ 100 கார்கள் மட்டுமே கட்டப்பட்டன. ஒரே ஆண்டில் இதன் உற்பத்தி முடிந்துபோனாலும், காரில் பெரிய எஞ்சினைப் பொருத்துவது என்றால் உண்மையில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதற்கு டிராக் பந்தய வரலாற்றில் இது தெளிவான எடுத்துக்காட்டாக நிற்கிறது.

டிராக் பந்தயமும் எஞ்சின் கொள்ளளவும்

டிராக் பந்தயத்தில் இரண்டு கார்கள் நின்ற நிலையிலிருந்து ஒரே நேரத்தில் புறப்பட்டு, நேரான பாதையில் கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரைக் கடக்கும். வளைவுகள் இல்லை. முதலில் கோட்டைக் கடப்பவர் வெற்றியாளர். ஆகவே புறப்பாட்டு வேகமும் முடுக்கமும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

எஞ்சினின் எல்லாச் சிலிண்டர்களிலும் பிஸ்டன்கள் மேலும் கீழும் செல்லும்போது விலகும் மொத்தக் கனஅளவே எஞ்சினின் கொள்ளளவு. அமெரிக்காவில் இதைக் கன அங்குலத்தில் குறிப்பர். கொள்ளளவு கூடினால் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகக் காற்றும் எரிபொருளும் உள்ளே செல்லும், முறுக்குவிசை கூடும். காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜர் போன்ற வேறு வழிகளும் உண்டு. ஆனால் கடையில் விற்கப்படும் கார்களுக்கான பந்தயப் பிரிவுகளில் இத்தகைய கருவிகளை வெளியிலிருந்து சேர்க்க விதிகள் இடம் தரவில்லை. அங்கே பெரிய எஞ்சினும் குறைந்த எடையுமே வெற்றிக்கான வழியாக இருந்தன.

எஞ்சின் மாற்றும் பழக்கத்தின் தொடக்கம்

ஃபோர்டு நிறுவனம் 1932-இல் 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்ட வி8 எஞ்சினைக் குறைந்த விலைக் காரில் வெளியிட்டது. தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள் இக்கார்களை வாங்கி, மட்கார்டுகளையும் பிற பாகங்களையும் கழற்றி எடை குறைத்து, முரோக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டினர். 1939-இல் மெர்குரி காரில் 239 கன அங்குல எஞ்சின் வந்தது. அது ஃபோர்டு எஞ்சினின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் பழைய ஃபோர்டு காருக்குள் பெரிய சிரமமின்றி உட்கார்ந்தது. எஞ்சின் மாற்றத்தின் எளிய வடிவம் இதுவே.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலைமை மாறியது. 1949-இல் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனத்தின் 303 கன அங்குல எஞ்சினும், 1951-இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் 331 கன அங்குல ஹெமி எஞ்சினும் வந்தன. இவற்றைப் பழைய ஃபோர்டு கார்களில் பொருத்த எஞ்சின் தாங்கிகள், கியர்பாக்ஸ் இணைப்பு, பின் அச்சு எனப் பலவற்றை மாற்ற வேண்டியிருந்தது. 1950-இல் சாண்டா அனா விமான நிலைய ஓடுதளத்தில் கட்டணம் வசூலித்து முறையான டிராக் பந்தயங்கள் நடத்தப்பட்டன. 1951-இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். பந்தயப் பிரிவுகளும் விதிகளும் இச்சங்கத்தின் வழியாகவே உருப்பெற்றன.

1963: பெரிய காரின் சிக்கல்

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார் நிறுவனங்களே நேரடியாக டிராக் பந்தயத்தில் இறங்கின. ஞாயிற்றுக்கிழமை வென்ற காரைத் திங்கட்கிழமை மக்கள் வாங்குவார்கள் என்ற நம்பிக்கை விற்பனையாளர்களிடம் இருந்தது. 1963-இல் எஞ்சின் கொள்ளளவுக்கு 7 லிட்டர், அதாவது 427 கன அங்குலம் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. இதனால் எல்லா நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே அளவு எஞ்சினுக்கு வந்துசேர்ந்தன. வேறுபாடு காரின் எடையில்தான் இருந்தது.

ஃபோர்டு தன் 427 எஞ்சினைப் பெரிய காரான கேலக்ஸியில் பொருத்தியது. கண்ணாடியிழைப் பாகங்கள் பூட்டி இலகுவாக்கிய பிறகும் அந்தக் கார் 3,500 பவுண்டு, அதாவது 1,600 கிலோகிராம் அளவில் இருந்தது. கிரைஸ்லரின் டாட்ஜ், பிளைமவுத் கார்கள் 1962-இலேயே அளவில் சுருக்கப்பட்டிருந்தன. 426 கன அங்குல எஞ்சினுடன் அவை கேலக்ஸியை முந்தின.

ரோட் தீவு மாநிலத்தைச் சேர்ந்த ஃபோர்டு விற்பனையாளர் பாப் டாஸ்கா சிறிய காரே தேவை என்று கருதினார். அவருடைய குழுவுக்காக 1963-இல் ஒரு ஃபேர்லேன் காரில் 427 எஞ்சின் பொருத்தப்பட்டது. பில் லாட்டன் அதை ஓட்டினார். அந்தச் சோதனைக் காரே தண்டர்போல்ட்டுக்கு முன்னோடி.

எஞ்சினை உள்ளே இறக்குதல்

ஃபேர்லேன் காரில் வழக்கமாகப் பொருத்தப்பட்ட வி8 எஞ்சின்களில் மிகப்பெரியது 289 கன அங்குலம். 427 எஞ்சின் அதைவிடக் கணிசமாக அகலமும் எடையும் கூடியது. ஃபேர்லேனின் எஞ்சின் அறைக்குள் இரு பக்கமும் முன் சக்கரங்களின் ஸ்பிரிங்குகளைத் தாங்கும் எஃகுக் கோபுரங்கள் துருத்திக்கொண்டு நின்றன. அவற்றுக்கு இடையே புதிய எஞ்சினுக்கு இடமில்லை.

இப்பணி மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் ஸ்டீல் டியூபிங் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே கோபுரங்கள் மாற்றியமைக்கப்பட்டன. முன் சஸ்பென்ஷன் பாகங்களும் அதற்கேற்ப மாற்றப்பட்டன. எட்டுச் சிலிண்டர்களிலிருந்தும் வரும் சம நீளப் புகைக்குழாய்கள் சஸ்பென்ஷன் பாகங்களுக்கு இடையே வளைத்து நெளித்துக் கொண்டுசெல்லப்பட்டன.

அடுத்த சிக்கல் உயரம். பந்தயத்துக்கான இந்த எஞ்சினில் காற்று உள்ளே செல்லும் குழாய்த்தொகுதி வழக்கத்தைவிட உயர்ந்து நின்றது. அதன் மேல் நான்கு வாய்கள் கொண்ட ஹாலி கார்புரேட்டர்கள் இரண்டு அமர்ந்தன. பானெட்டை மூட முடியாததால் அதில் கண்ணீர்த்துளி வடிவப் புடைப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. காருக்கு இருந்த நான்கு முகப்பு விளக்குகளில் உட்புற இரண்டும் நீக்கப்பட்டன. அந்தத் துளைகளில் வலை பொருத்தி, அங்கிருந்து தடித்த குழாய்கள் வழியாகக் குளிர்ந்த வெளிக்காற்று கார்புரேட்டர்களுக்கு எடுத்துச்செல்லப்பட்டது. எஞ்சினுக்கு நிறுவனம் அறிவித்த திறன் 6,000 சுழற்சியில் 425 குதிரைத்திறன். உண்மைத் திறன் இதைவிட அதிகம் என்பதே பந்தயக்காரர்களின் கருத்து.

அதே காலத்தில் போண்டியாக் நிறுவனம் டெம்பஸ்ட் காரில் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி ஜி.டி.ஓ. என்று விற்றது. அக்காரில் ஏற்கெனவே இருந்த 326 எஞ்சினும் இந்த 389 எஞ்சினும் வெளிப்புற அளவில் ஒன்றே. ஆகவே அங்கே தடையாக நின்றது இடப்பற்றாக்குறை அல்ல. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் கூடாது என்ற ஜெனரல் மோட்டார்ஸின் உள்விதிதான். கூடுதல் விலைக்குத் தரப்படும் விருப்பத் தொகுப்பாக அறிவித்து அவ்விதியைச் சுற்றிச் சென்றனர். எந்த எஞ்சினை எந்தக் காரில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து வேலையின் தன்மையே மாறிவிடும் என்பதை இந்த இரண்டு கார்களும் காட்டுகின்றன.

எடை இருக்கும் இடம்

எஞ்சின் உள்ளே போனதும் வேலை முடியவில்லை. பின் சக்கரங்களே காரைத் தள்ளுகின்றன. அவை தரையைப் பற்ற வேண்டுமானால் அவற்றின் மீது எடை இருக்க வேண்டும். கனமான எஞ்சினோ எடையை முன்பக்கம் கொண்டுவந்தது. பற்று இல்லாத சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கிளப்புமே தவிர, கூடுதல் திறனை முடுக்கமாக மாற்றாது.

எனவே முன்பக்கத்தில் எடை குறைக்கப்பட்டது. பானெட், முன் மட்கார்டுகள், கதவுகள் ஆகியவை கண்ணாடியிழையால் செய்யப்பட்டன. முன் பம்பர் முதலில் கண்ணாடியிழையிலும் பின்னர் அலுமினியத்திலும் அமைந்தது. சன்னல் கண்ணாடிகளுக்குப் பதில் பிளெக்சிகிளாஸ் தகடுகள் வந்தன. வானொலி, ஹீட்டர், தரைவிரிப்பு, கைதாங்கிகள், வெயில் மறைப்புகள், ஒலித்தடுப்புப் பூச்சு, பயணி பக்கத்து வைப்பர் ஆகியவை நீக்கப்பட்டன. வேனில் பயன்படும் இலகுவான இருக்கைகள் பொருத்தப்பட்டன.

மறுபக்கம், பின்புறத்தில் வேண்டுமென்றே எடை ஏற்றப்பட்டது. லாரிக்கு வைப்பது போன்ற கனமான பேட்டரி டிக்கியின் வலப்பக்கத்தில் வைக்கப்பட்டது. காரணம் உண்டு. புறப்படும்போது எஞ்சினின் முறுக்குவிசை பின் அச்சைத் திருக, வலப் பின் சக்கரம் தரையைவிட்டு எழ முயலும். அதைச் சமன்செய்யவே பேட்டரி அங்கே போனது. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளும் இடத்தைவிட வலத்தில் ஒரு பட்டை கூடுதலாக அமைக்கப்பட்டன. காரின் மொத்த எடை சுமார் 3,200 பவுண்டு, அதாவது 1,450 கிலோகிராம் என்ற குறைந்தபட்ச வரம்பை ஒட்டி நின்றது.

முதல் 11 கார்கள் கருஞ்சிவப்பு நிறத்திலும் மற்றவை வெள்ளை நிறத்திலும் வந்தன. இது போட்டிக்கான இலகுரகக் கார், இதன் உடற்பாகங்களில் வழக்கமான தரத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று அறிவிக்கும் தகடு ஒன்றும் காருக்குள் பொருத்தப்பட்டிருந்தது.

பந்தயத்தில்

1964 பருவத்தில் தண்டர்போல்ட் சூப்பர் ஸ்டாக் பிரிவில் முன்னணிக்கு வந்தது. நடன ஆசிரியராக இருந்து பந்தயத்துக்கு வந்த கேஸ் ரோண்டா அந்த ஆண்டின் சங்கப் பட்டத்தை வென்றார். அவருடைய கார் கால் மைலை 11.6 வினாடியில், மணிக்கு 124 மைல் வேகத்துடன் கடந்தது. இது மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். விற்பனையாளரிடம் பணம் கட்டி யாரும் வாங்கக்கூடிய ஒரு கார் இந்த வேகத்தை எட்டியது அன்று பெரிய செய்தி.

உற்பத்தி முடிவு

காரின் விலை ஏறத்தாழ 3,900 டாலர். ஒவ்வொரு காரிலும் 1,500 முதல் 2,000 டாலர் வரை நிறுவனத்துக்கு நட்டம் ஏற்பட்டதாகக் கூறப்படுகிறது. சூப்பர் ஸ்டாக் பிரிவில் ஓட வேண்டுமானால் குறைந்தது 500 கார்கள் உற்பத்தியாகியிருக்க வேண்டும் என்று சங்கம் விதியை மாற்றியது. கையால் மாற்றியமைக்கப்படும் காரை அந்த எண்ணிக்கையில் செய்வது கட்டுப்படியாகாது. தண்டர்போல்ட் கைவிடப்பட்டது.

ஆனால் அதன் வழிமுறை தொடர்ந்தது. 1965-இல் கிரைஸ்லர் சில டாட்ஜ், பிளைமவுத் கார்களில் பின் சக்கரங்களை 15 அங்குலமும் முன் சக்கரங்களை 10 அங்குலமும் முன்னே நகர்த்தியது. எஞ்சினை நகர்த்தாமலே எடையைப் பின் சக்கரங்களின் மீது கொண்டுவரும் உத்தி இது. பார்க்க வேடிக்கையாக இருந்ததால் இவற்றுக்கு வழங்கிய ‘ஃபன்னி கார்’ என்ற பெயர் பின்னர் ஒரு பந்தயப் பிரிவின் பெயரே ஆனது. 1968-இல் டாட்ஜ் டார்ட், பிளைமவுத் பாரகுடா ஆகிய சிறிய கார்களில் 426 ஹெமி எஞ்சின் பொருத்தப்பட்டது. அவற்றில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரை இடம் மாற்ற வேண்டியிருந்தது. பேட்டரி மீண்டும் டிக்கிக்குப் போனது. ஃபோர்டோ 1967-இல் மஸ்டாங் காரின் எஞ்சின் அறையை வடிவமைப்பிலேயே அகலமாக்கியிருந்தது. அதனால் 1968-இல் 428 கோப்ரா ஜெட் எஞ்சின் அதில் வெட்டு வேலையின்றிப் பொருந்தியது. அவ்வாண்டு போமோனாவில் நடந்த குளிர்காலப் போட்டியில் ஆல் ஜோனியெக் இந்தக் காரில் சூப்பர் ஸ்டாக் பட்டம் வென்றார்.

மனிதர் கொடுத்த விலை

திறன் கூடக்கூட ஆபத்தும் கூடியது. 1960-களில் முழுமையான பந்தய வண்டிகளில் ஓட்டுநர் பின் அச்சுக்கும் பின்னால் அமர்ந்தார். அவருடைய உடல் எடையும் பின் சக்கரங்களுக்கு உதவும் என்பது கணக்கு. ஆனால் கியர்பாக்ஸ் அவர் கால்களுக்கு நடுவே இருந்தது; எஞ்சின் அவர் முகத்துக்கு நேரே இருந்தது.

1970-இன் தொடக்கத்தில், ஃபன்னி கார் ஓட்டிவந்த கேஸ் ரோண்டா அரிசோனாவில் நேர்ந்த தீவிபத்தில் கடுமையாகக் காயமடைந்தார். அவருடைய பந்தய வாழ்க்கை அத்துடன் முடிந்தது. அதே ஆண்டு மார்ச் 8 அன்று லாங் பீச்சுக்கு அருகே லயன்ஸ் பந்தயக் களத்தில் டான் கார்லிட்ஸின் வண்டியில் கியர்பாக்ஸ் வெடித்து, வண்டி இரண்டாகப் பிளந்தது. அவர் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். குணமடைந்ததும் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துப் புதிய வண்டியைக் கட்டினார். 1971 குளிர்காலப் போட்டியில் அது வென்றது. சில ஆண்டுகளில் இவ்வகைப் பந்தய வண்டிகள் எல்லாம் அந்த அமைப்புக்கு மாறின.

வரலாற்று இடம்

தண்டர்போல்ட்டில் 427 எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது எளிய முடிவாக இருந்தது. அதற்காகச் சஸ்பென்ஷனையும் புகைக்குழாயையும் முகப்பு விளக்கையும் பேட்டரியையும் மாற்றியதே உண்மையான வேலை. எடையை எங்கே வைப்பது என்று அங்கே எழுந்த கேள்வி, ஓட்டுநரை எங்கே அமர்த்துவது என்ற கேள்வியாக 1970-இல் மாறியது. இன்று டிராக் பந்தயத்தின் உச்சப் பிரிவில் எஞ்சின் கொள்ளளவு 500 கன அங்குலத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அந்த வண்டிகளில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னாலேயே இருக்கிறது.