வாழ்க்கை வரலாறும் அகராதி மேற்கோளும்

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதி, ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களை உடையது. பொருள் கூறுதலோடு அமையாது ஆன்றோர் ஆட்சியையும் காட்டுதல் அகராதியின் கடன் என்பதை ஆங்கில உலகில் நிலைநாட்டியது அந்நூலே. எனினும் ஜான்சன் தம் மேற்கோள்களுக்கு ஆண்டு குறித்தாரல்லர். ஒவ்வொரு மேற்கோளின் முன்னும் ஆண்டினை நிறுத்தும் முறை, 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு அகராதியால் வேரூன்றியது. இன்றைய இணைய அகராதிகளும் அம்முறையையே தழுவின. ஆண்டு முன்னிற்கவே, மேற்கோள் பொருளுக்குச் சான்றாவதோடு சொல்லின் பிறப்புக்கும் சான்றாயிற்று. ஆதலின் ஆண்டு பிழைப்பின் சொல் வரலாறே பிழைபடும்.

செய்யுளுக்கும் கட்டுரைக்கும் ஆண்டு குறித்தல் பெரும்பாலும் எளிது. வாழ்க்கை வரலாற்று நூலுக்கோ அஃது எளிதன்று. ஜேம்ஸ் பாஸ்வெல் இயற்றிய ஜான்சன் வரலாறு இதற்குத் தக்க சான்று. பாஸ்வெல் ஜான்சனை முதன்முதற் கண்டது 1763ஆம் ஆண்டு மே 16ஆம் நாள். ஜான்சன் மறைந்தது 1784இல். நூல் வெளிவந்ததோ 1791இல், முதற்சந்திப்பு நிகழ்ந்த அதே மே 16ஆம் நாளில். வாயாற் பேசியது ஒரு காலம். அதனை நாட்குறிப்பில் எழுதியது மற்றொரு காலம். எட்மண்ட் மலோனின் துணைகொண்டு திருத்தி அச்சேற்றியது பிறிதொரு காலம். நாட்குறிப்பின் சுருக்கமான தொடர்கள் நூலுள் நிறைந்த உரையாடல்களாக விரிந்த இடங்கள் பல. இருபதாம் நூற்றாண்டில் அந்நாட்குறிப்புகள் மாலஹைடு முதலிய மாளிகைகளிலிருந்து வெளிப்பட்டபின் இவ்வேறுபாடு கண்கூடாயிற்று.

‘சிவிலைசேஷன்’ என்னும் சொல்லின் வரலாறு ஈண்டு நோக்கத்தக்கது. ஜான்சன் தம் அகராதியின் நான்காம் பதிப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது, 1772ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள், பாஸ்வெல் அவரைக் கண்டார். நாகரிகம் என்னும் பொருளில் இச்சொல்லைச் சேர்க்க ஜான்சன் உடன்படாது ‘சிவிலிட்டி’ என்பதே அமையும் என்றார் என்பதும், காட்டுநிலைக்கு மறுதலையான நிலையைக் குறிக்கப் புதுச்சொல்லே சிறந்தது எனத் தாம் கருதியதாகவும் பாஸ்வெல் எழுதுகின்றார். (குற்ற வழக்கை உரிமை வழக்காக மாற்றுதல் என்னும் சட்டப் பொருளில் அச்சொல் ஜான்சன் அகராதியில் முன்னரே உண்டு. அவர் விலக்கியது சொல்லையன்று, புதுப்பொருளையே.) ஆக்ஸ்போர்டு அகராதியின் முதற்பதிப்பு இப்பகுதியை 1772 எனக் குறித்து, இப்பொருளுக்கு முதற்சான்றாக நிறுத்திற்று. அச்சொல் நிற்கும் வாக்கியமோ 1791இல் அச்சான நூலிலுள்ள பாஸ்வெல்லின் வாக்கியம். அறிஞர் பென்வெனிஸ்த் 1954இல் இச்சொல்லை ஆராய்ந்து, ஆடம் பெர்குசனின் 1767ஆம் ஆண்டு நூலில் அது வருதலை எடுத்துக்காட்டியமையால் முதற்சான்று என்னும் தகுதி நீங்கிற்று. ஆயினும் 1772 என்னும் குறிப்பு ஆய்வேடுகளில் இன்னும் உலவுகின்றது. யாம் திருத்திய ஏடுகள் இரண்டிலும் அதனைக் கண்டோம்.

எனவே மேற்கோளின் முன்னர் அச்சான ஆண்டே நிற்றல் வேண்டும் என்பது எம் துணிபு. பேசிய நாளை அடைப்புக்குள் தரலாம். 1772 என்றே குறிக்க விழைவோர், நாட்குறிப்பின் அவ்விடத்து அச்சொல் உளதாயின், நாட்குறிப்பையே காட்டுக. ஆசிரியர் பெயரிலும் பாஸ்வெல் முன்னிற்க. ஜான்சன் கூற்றாயின் அங்ஙனம் எனக் குறிக்க. இந்நூலுள் முழுமையாகத் தரப்பெற்ற ஜான்சனின் கடிதங்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவை அவர் கைப்பட எழுதியவை; தமக்கென நாள் உடையவை.

இணைய அகராதிக்குப் பதிப்புச் சிக்கலும் ஒன்று உண்டு. 1793, 1799ஆம் ஆண்டுப் பதிப்புகள் திருத்தமும் சேர்க்கையும் உடையன. 1831இல் குரோக்கர் பிறர் எழுதிய ஜான்சன் குறிப்புகளையும் மூலத்தினிடையே அடைப்புக்குறியிட்டுச் செருகினார். பெயர்த்தெழுதுவோர் கையில் அக்குறி உதிர்ந்தால் பிறர் சொல் பாஸ்வெல் சொல்லாகிவிடும். மெக்காலே அப்பதிப்பைக் கடுமையாகச் சாடியது யாவரும் அறிந்ததே. குட்டன்பர்க்கு இணையத் தொகுப்பில் எளிதிற் கிடைப்பனவற்றுள் ஒன்று ஆஸ்குட் 1917இல் சுருக்கிய பதிப்பு. தன்னார்வலர் அதிலிருந்து ஒரு வரியை எடுத்து 1791 என்று குறித்தல் எத்துணை எளிது! ஒரு பகுதி அச்சுருக்கத்தில் இல்லை என்பதுகொண்டு மூலத்திலும் இல்லை என்று துணிதலும் பிழையே. ஹில் பதிப்பித்துப் பவல் திருத்திய ஆறு தொகுதிகளோடு ஒப்பிட்டபின்னரே மேற்கோள் ஏற்றப்படல் வேண்டும். இணைய அகராதியில் ஏறிய பிழையை அன்றே களையலாம் என்பது மெய். ஆனால் அதற்குள் அதனை எடுத்தாண்ட ஏடுகளைக் களைதல் யாரால் இயலும்?

நம் மொழியிலும் இவ்வினா எழவே செய்யும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி மேற்கோளுக்கு நூற்பெயர்ச் சுருக்கம் தந்ததேயன்றி ஆண்டு தந்திலது. ஆதலின் அதனுள் இவ்விடர் தோன்றவில்லை. ஆண்டும் தரும் இணைய அகராதி ஒன்றில் உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் வரலாற்றிலிருந்து சொற்களை எடுக்குங்கால் என்செய்வது? மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876இல்; அவர் சரித்திரம் இரு பாகமாக வெளிவந்தது 1933, 1934ஆம் ஆண்டுகளில். அந்நூலில் எடுத்துக்காட்டப்பெறும் பிள்ளையவர்களின் செய்யுட்சொல் அவர் காலத்தது. அவர் வாய்மொழியாக ஐயர் எழுதும் உரையாடற்சொல், நாட்குறிப்போ கடிதமோ துணைநின்றாலன்றி, ஐயரின் உரைநடைச் சொல்லாகவே பதியப்பெறல் வேண்டும்.