ஏடு யார் கையில்?

மனித சமுதாயத்தின் வரலாறு ஒருவகையில் நினைவைப் பாதுகாத்த வரலாறே. எதை நினைவில் வைப்பது, எதை மறப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ, பெரும்பாலும் அவரிடமே பிற அதிகாரங்களும் குவிந்தன. செயற்கை நுண்ணறிவு உதவியாளனுக்கு நீடித்த நினைவு வழங்கப்பட்டுவரும் இவ்வேளையில், இவ்வுண்மையை நமது கரையோரத்திலிருந்தே ஆராய்வோம்.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களில் முஸ்லிம் பெண்கள் வாய்மொழியாக வளர்த்த கவிகள் மக்களின் நினைவுக் களஞ்சியம். காதலும் பிரிவும் வறுமையும் அவற்றில் பதிவாயின. பாடியவர் பெயர் நிலைக்கவில்லை. கேட்டவர் அனைவரும் உரிமையாளர். பொருந்தாத அடியை அடுத்தவர் மாற்றினார். வேண்டாததை ஊரே மறந்தது.

இதற்கு நேர்மாறானது வயற்காணியின் கணக்கு. போடியாரிடம் விதைநெல்லும் முற்பணமும் பெற்று வேளாண்மை செய்த முல்லைக்காரன், களவெட்டியில் நெல் குவிந்த பின்னரே தன் பங்கில் எஞ்சுவது எவ்வளவு என்பதை அறிந்தான். கணக்கு போடியார் கையில் இருந்தது. எழுத்தறியாத உழவனுக்கு அதைத் திருத்தும் வழி ஏது?

எனினும், ஏடே இல்லாதிருப்பது விடுதலையன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்திலேதான். அன்று காணி உறுதிகளும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் அடையாள அட்டைகளும் கடலோடு போயின. உயிர் தப்பியோர் தாம் இன்னார் என்பதையே மீண்டும் நிறுவவேண்டியவராயினர்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். மொழி மாதிரி உரையாடலின்போது புதிதாக எதையும் கற்று நிலைநிறுத்துவதில்லை. பயிற்சியில் பெற்றதற்கு மேலாக, தன் முன் வைக்கப்பட்ட எழுத்தை மட்டுமே அது அறியும். உரையாடல் முடிந்ததும் அதற்கு நாம் அந்நியரே. இக்குறையைத் தீர்க்க, நம்மைப் பற்றிய குறிப்புகளை வெளியே சேமித்து, அடுத்த உரையாடலில் அதன் முன் வைக்கிறார்கள். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 பெப்ரவரியில் இதைப் பரீட்சித்தது. 2025 ஏப்ரலில் பழைய உரையாடல்கள் அனைத்தையும் துணைகொள்ளுமாறு விரிவாக்கியது.

இதன் பயனை மறுப்பது அறிவுடைமையாகாது. தனி வகுப்புக்குப் பணமில்லாத மாணவன், தனக்கு விளங்காத பாடத்தை ஒருமுறை சொன்னால் போதும். மறுநாள் அங்கிருந்தே தொடரலாம். ஆனால் “கணிதத்தில் பின்தங்கியவன்” என்ற குறிப்பு, அவன் தேறிய பின்னரும் நின்றால்? குடும்பத்தின் கடனைப் பற்றி அவன் சொன்னதும் அங்கேயே கிடந்தால்? உரையாடலை அழித்தாலும் அதிலிருந்து எடுத்த குறிப்பு தனியே எஞ்சலாம் என்பதை எத்தனை மாணவர் அறிவர்?

1945இல் அமெரிக்க அறிஞர் வன்னெவர் புஷ், ஒருவரின் நூல்களையும் கடிதங்களையும் சேமித்து நினைவுக்குத் துணையாகும் ‘மெமெக்ஸ்’ என்ற கருவியைக் கற்பனை செய்தார். அது உரியவரின் சொந்த மேசை. இன்றைய நினைவோ கடல்கடந்த நிறுவனங்களின் களஞ்சியத்தில் கிடக்கிறது. வேறுபாடு தொழில்நுட்பத்தில் மட்டுமன்று, உடைமையிலும் இருக்கிறது.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தரவைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையை எழுத்தில் வகுத்துள்ளது. அறியாதவனுக்கு அவ்வுரிமை வெறும் எழுத்தே. ஆகவே தன்னைப் பற்றிய குறிப்பைத் தமிழிலே படிக்கவும், பிழையைத் திருத்தவும், வேண்டாததை அழிக்கவும் ஒவ்வொரு மாணவனுக்கும் கற்பிப்பது ஆசிரியராகிய நமது கடமை. களவெட்டியில் உழவன் கேட்க இயலாத கேள்வியை அவன் பேரப்பிள்ளைகள் கேட்கட்டும்: எங்கள் கணக்கை எங்களுக்குக் காட்டுங்கள்!